கிரிவலம் சரி, வெயில் எங்கே? வைட்டமின் டி மாத்திரை மட்டும் எலும்பைக் காப்பாற்றுமா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் போகிறவர்கள் எலும்புக்கும் நல்லது செய்கிறார்கள். உடல் எடையைத் தாங்கி நடப்பது எலும்பு வலுவுக்கு உதவும். ஆனால், நிலா வெளிச்சத்தில் வைட்டமின் டி கிடைக்காது. அதற்கு வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர்கள் தோலில் படணும்.

வெயில் கொளுத்துற ஊர்ல குறைபாடா?

ஆமாம். இதே வெயில் அடிக்கும் திருப்பதியில் மருத்துவர் சி.வி.ஹரிநாராயண் குழு செய்து 2007-ல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமானவர்களிடமே குறைபாடு பரவலாக இருந்தது. கிராமத்தினரைவிட நகரத்தினரிடம் அளவு இன்னும் குறைவு. உணவில் கால்சியமும் போதவில்லை.

எலும்புக்கும் டி-க்கும் என்ன கனெக்‌ஷன்?

சாப்பாட்டில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் கூடி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். இது நீடித்தால் எலும்பு அடர்த்தி குறையும்.

அப்போ மாத்திரை போட்டா போதுமா?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வின் 2022 முடிவுப்படி, குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் தினமும் 2,000 யூனிட் கொடுத்ததில் எலும்பு முறிவு குறையவில்லை. கனடாவின் கால்கரியில் நடந்த 2019 ஆய்வில், 3 ஆண்டுகள் தினமும் 10,000 யூனிட் எடுத்தவர்களுக்கு, 400 யூனிட் எடுத்தவர்களைவிட எலும்பு அடர்த்தி குறைந்தே இருந்தது. ஆரோக்கியமானவர்கள் வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை என்கிறது அமெரிக்க எண்டோக்ரைன் சொசைட்டியின் 2024 வழிகாட்டுதல்.

குறைபாடு உறுதியானவர்களுக்கு மாத்திரை அவசியம்தான். ஆனால், 'ஃபுல் பாடி செக்கப்' ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து, டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது எலும்பு ஆரோக்கியம் ஆகாது.

என்ன செய்யலாம்?

* காலை 11 முதல் 2 மணிக்குள் கொஞ்ச நேரம் கை, முகத்தில் வெயில் படட்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் பயன்படாது.
* பெரியவர்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. கேழ்வரகு, பால், தயிர், கீரை கைகொடுக்கும்.
* நடை, மாடிப்படி, எடை தூக்குதல் வேண்டும். சுமார் 30 வயதுக்குள் சேர்த்த எலும்புதான் பிற்காலச் சேமிப்பு.
* மாதவிடாய் நின்ற பெண்கள், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர்கள் டாக்டரிடம் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும்.

இருபதுகளில் இருப்பவர் தனக்கு டெஸ்ட் புக் பண்ணுவதைவிட, மூட்டு வலி, முதுகு வலி என்று சொல்லிக்கொண்டே சமையலறையில் நிற்கும் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போவது அதிகம் பலன் தரும்.