நீண்டது காலா, சாய்ந்தது இடுப்பா?



இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து இல்லம் திரும்பும் முதியோருள் சிலர், "அறுவை செய்த கால் நீண்டுவிட்டது, மேட்டில் ஒரு காலும் பள்ளத்தில் ஒரு காலுமாக நடக்கிறேன்" என்று வருந்துவதுண்டு. வீட்டார் சிலர் அதை வெறும் கற்பனை எனத் தள்ளிவிடுகின்றனர். வேறு சிலர் மருத்துவர் தவறிழைத்தார் எனக் கொதிக்கின்றனர். இரண்டும் அவசர முடிவுகளே. இதுபற்றி இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் உலோகத் தண்டும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட மூட்டைப் பொருத்தி இச்சிகிச்சைக்கு நல்வழி வகுத்தார். தேய்ந்த மூட்டினால் பல்லாண்டு குறுகியிருந்த கால், புதிய மூட்டினால் தன் பழைய நீளத்தைப் பெறுகிறது. குறுகிய நிலைக்கே பழகிய உடல் அதை மிகையென உணர்கிறது. மேலும், இடுப்பின் வெளிப்புறத் தசைகள் இறுகியிருப்பின், அவை இடுப்பெலும்பை அப்பக்கமாகக் கீழே சாய்த்துவிடும். அப்போது எலும்பின் அளவு சரியாயிருந்தும் கால் நீண்டதாகவே தோன்றும்.

இதனை அறிய இயன்முறை மருத்துவர் இருவகையாக அளப்பார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உட்கணுக்கால் வரை அளப்பது உண்மை நீளம். தொப்புளிலிருந்து அளப்பது தோற்ற நீளம். முதலாவது இரு கால்களிலும் ஒத்திருந்து, இரண்டாவது மட்டும் மாறுபடின், காரணம் பெரும்பாலும் இடுப்பின் சாய்வே. ஐயம் தீர எக்ஸ்ரே படம் உதவும்.

இத்தகைய சாய்வுக்கு மருந்து பயிற்சியே. இறுகிய தசைகளை மெல்ல நீட்டுதல், தளர்ந்த தசைகளை வலுப்படுத்துதல், நிலைக்கண்ணாடி முன் நின்று இரு பாதங்களிலும் எடையைச் சமமாக ஊன்றப் பழகுதல் ஆகியவற்றை மருத்துவர் காட்டியவாறு நாள்தோறும் செய்ய வேண்டும். கைத்தடியை அறுவை செய்த பக்கத்திற்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். முழங்காலின்கீழ் தலையணை வைத்துப் படுப்பது சுகமாயிருப்பினும், அது இடுப்பின் முன்தசைகளை இறுகச் செய்யும். பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதங்களில் இவ்வுணர்வு குறைந்துவிடும்.

அதற்குள் பொறுமையிழந்து, மறுகாலின் செருப்புக்கு உயரம் வைத்துத் தைப்பது நன்றன்று. சாய்ந்த இடுப்பு அச்சாய்விலேயே நிலைத்துவிடக்கூடும். உண்மையாகவே நீளம் வேறுபட்டிருப்பின், எவ்வளவு உயரம் வேண்டுமென்பதை மருத்துவரே தீர்மானிப்பார். ஆனால் திடீரெனக் கடும்வலி தோன்றி, கால் குறுகித் திரும்பிக்கொண்டால், மூட்டு நழுவியிருக்கக்கூடும். அப்போது தாமதியாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

திருப்பலியில் முழந்தாளிட இயலவில்லையே என ஏங்கும் பெரியோருக்கு ஒரு சொல்: நலக்குறைவால் இயலாதோரைத் திருச்சபை அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. அமர்ந்தபடியே மன்றாடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தாயோ தந்தையோ கால் நீளமென்று சொன்னால் நகையாதீர்கள். அவர்கள் உணர்வது மெய்யே. மாலைச் செபத்திற்கு முன் கால் மணி நேரம் அருகிருந்து பயிற்சி செய்வியுங்கள். தனியே செய்யச் சலிக்கும் முதியவர், துணையிருப்பின் உற்சாகத்தோடு செய்வார்.