வீட்டுக்குள் ஒரு ஸ்டுடியோ



டோரேமான், ஷின்சான் பெயர் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டா? அந்த ஜப்பானிய அனிமேஷனின் ஆரம்ப காலத்தில், பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் வீட்டிலிருந்தே படம் எடுத்தவர் நொபுரோ ஓஃபுஜி.

1900-ல் டோக்கியோவின் அசகுசா பகுதியில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவரை வளர்த்தது அக்கா யாஎ. முன்னோடிக் கலைஞர் ஜூனிச்சி கோஉச்சியிடம் தொழில் கற்றார்.

அன்று கார்ட்டூன் வரைய செல்லுலாய்டு தாள் வேண்டும். ஜப்பானில் அது யானை விலை, குதிரை விலை. ஓஃபுஜி என்ன செய்தார் தெரியுமா? 'சியோகாமி' காகிதத்தை எடுத்தார். பூக்களும் கோடுகளும் அச்சடித்த வண்ணத்தாள் அது. பொம்மை செய்வார்கள், சின்னப் பெட்டிகளின் மேல் ஒட்டுவார்கள். அதில் உருவங்களைக் கத்தரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் படம் பிடித்தார். 1926-ல் வந்த 'பாக்தாத் கோட்டைத் திருடன்' அப்படிப் பிறந்ததுதான்.

அடுத்த ஆண்டு 'திமிங்கிலம்' என்ற நிழலுருவப் படம் எடுத்தார். மனம் நிறையவில்லை போலும். 1952-ல் அதே கதையை வண்ண செல்லோபேன் தாள்களை வைத்து மறுபடி எடுத்தார். கால் நூற்றாண்டு கழித்து! அது கான் திரைப்பட விழா வரை போனது. 1956-ல் எடுத்த 'பேய்க்கப்பல்' வெனிஸ் விழாவுக்குப் போனது.

இத்தனை வருடமும் அக்கா துணை நின்றார். சினிமா வரலாற்றில் அவருக்கும் ஓர் இடம் உண்டு என்பேன். வீட்டில் ஒருவர் 'செய்து பார்' என்று சொல்லாவிட்டால், காகிதமும் கத்தரிக்கோலுமாக ஒரு மனிதர் எத்தனை நாள் உட்கார முடியும்?

1961-ல் ஓஃபுஜி மறைந்தார். மறு ஆண்டே மைனிச்சி திரைப்பட விருதுகளில் அவர் பெயரில் ஒரு விருது தொடங்கியது. முதலில் பெற்றது அனிமேஷன் கலைஞர் ஒசாமு தெசுகாவின் படம். பிறகு அனிமேஷன் இயக்குநர் மியாசாகியும் பெற்றார்.

ஓஃபுஜிக்கு அக்கா துணை நின்றார்; நாமோ, பழைய கல்யாணப் பத்திரிகையைப் பிள்ளைகள் வெட்டிப்போட்டால் 'குப்பை போடாதே' என்று அதட்டுகிறோம். பரீட்சை இருக்கிறது, வீடு சுத்தமாக இருக்க வேண்டும், எல்லாம் நியாயம்தான். ஆனாலும் வாரத்தில் ஒரு மாலையாவது அந்தக் குப்பைக்கு அனுமதி கொடுக்கலாமே?

வெட்டிய உருவத்தைத் தரையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, உங்கள் போனிலேயே ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக் கொடுங்கள். வரிசையாக ஓடவிட்டால் படம் தயார். இந்த விடுமுறையில் செய்து பாருங்கள். பிள்ளைகள் என்ன கதை சொன்னார்கள் என்று எங்களுக்கு அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்