உடோன் ஆற்றுப்படை

உணவைப் பற்றி எழுதுதல் புலமைக்கு இழுக்கென்று கருதுவார் நம்மிடையே இன்றும் உளர். அடுக்களைச் செய்தி இலக்கியப் பக்கத்துக்கு எதற்கு என்பது அவர்தம் வினா. அன்னார் பத்துப்பாட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. பொருநராற்றுப்படையிலே கரிகாலன் அளித்த விருந்து எத்துணை விரிவாகப் பேசப்படுகின்றது! சிறுபாணாற்றுப்படையோ நெய்தலிற் சுட்ட மீன், மருதத்தில் நண்டுக் கலவையொடு வெண்சோறு என நிலத்துக்கு நிலம் உணவை வேறுபடுத்திக் காட்டுகின்றது. பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லுதலே ஆற்றுப்படை. அவ்வழி நெடுக நிலமும் மாந்தரும் வருவர்.

இத்தகைய வழிகாட்டு எழுத்தொன்று யப்பானிலே ஒரு மாகாணத்தின் பெயரையே மாற்றியது. சிகோக்குத் தீவின் வடபால் உள்ள ககாவா, பழம்பெயராற் சனுக்கி எனப்படுவது. மழை குறைந்த நாடு, பேராறு கிடையாது, ஆயிரக்கணக்கான குளங்களே துணை. அவற்றுட் பெரியதாகிய மன்னோக் குளத்தை 821ஆம் ஆண்டிலே கூக்காய் என்னும் பௌத்தத் துறவி முன்னின்று திருத்தினார். நெல்லைப்போல் நீர் வேண்டாத கோதுமை அங்கே நன்கு விளைந்தது. கரையில் உப்பு, சோடோசிமாத் தீவிற் சோயா சோஸ், இபுக்கித் தீவின் கடலில் நெத்தலி. இந்நான்கும் கூடியதே உடோன் எனப்படும் தடித்த நூடில்ஸ்.

1980களின் இறுதியில் அவ்வூர் மாத இதழொன்று, பெயர்ப்பலகையும் இல்லாத உடோன் கடைகளைத் தேடிச்சென்று எழுதத் தொடங்கியது. வயல்நடுவே ஒரு கொட்டகை, வெங்காயத் தாள் வேண்டுமாயின் பின்புறத் தோட்டத்திற் பிடுங்கிக்கொள்ளும்படி சொல்லும் கடைக்காரர், இவையே செய்தி. 1988இல் திறந்த செற்றோப் பெரும்பாலம் பெருந்தீவிலிருந்து வருவார்க்கு வழியை எளிதாக்கியிருந்தது. படித்தவர் திரண்டனர். 2006இல் உடோன் என்ற பெயரிலேயே திரைப்படம் வந்தது. 2011இல் அம்மாகாணம் தன்னை 'உடோன் மாகாணம்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டது.

சென்ற ஆண்டு என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னை அத்தகைய கடையொன்றுக்கு அழைத்துச் சென்றார். வாயிலில் நீண்ட வரிசை, பெரும்பாலும் இளைஞர். தட்டை எடுத்து, சிறிதோ பெரிதோ சொல்லி, நூடில்ஸை நாமே கொதிநீரில் அமிழ்த்தி எடுத்தல் வேண்டும். யான் மரக்கறி உணவினன். நெத்தலிச் சாறு ஆகாது. ஆதலாற் சோயா சோஸ், இஞ்சி, முள்ளங்கித் துருவல் ஆகியவற்றோடு வெறும் நூடில்ஸை உண்டேன். அதுவே நன்றாயிற்று. பல்லுக்கு வளைந்துகொடுத்தும் உடையாத ஓர் உறுதி அதில் உண்டு. அதனைக் 'கோசி' என்பர். அச்சொல்லுக்கு இடுப்பு என்பதே முதற்பொருள். மாவைக் காலால் மிதித்துப் பிசைவதனால் வரும் உறுதி அது. உறிஞ்சும் ஓசை அங்கே குற்றமன்று. எனக்குத்தான் அது கைவரவில்லை.

என் பக்கத்து மேசையிலே நால்வர் கிண்ணத்தைப் பல கோணங்களிற் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். நூடில்ஸ் ஊறி உறுதி குலைந்துகொண்டிருந்தது. இக்காலத்து ஆற்றுப்படை படந்தானே என்று என் மாணாக்கர் வாதித்தார். யான் உடன்படேன். படம் கிண்ணத்தைக் காட்டும், குளத்தைக் காட்டாது. இன்று அந்நாட்டு உடோன் மாவிற் பெரும்பங்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வருவது. அதனாற்றான் உள்ளூரிலே 'சனுக்கியின் கனவு 2000' என்னும் கோதுமையினத்தை உருவாக்கினர். இதனையும் படம் சொல்லமாட்டாது. நூடில்ஸ் தீர்ந்ததும் கதவடைக்கும் அச்சிறு கடைகளிலே உண்டவுடன் எழுந்து பின்வருவார்க்கு இடங்கொடுத்தல் வேண்டும் என்பதைத்தானும் எழுதினாலன்றி யார் அறிவார்? பழம்புலவன் இரவலனுக்கு வாயிலை மட்டுமா காட்டினான்? எவ்வாறு புகவேண்டும், என்ன சொல்லவேண்டும் என்பதையும் உரைத்தான் அல்லனோ?

வருந்தவணையில் என் வகுப்பு மாணாக்கர்க்கு ஒரு கட்டுரை வைத்துள்ளேன். தத்தம் ஊரில் ஒடியற்கூழ் நன்றாய்க் காய்ச்சும் ஒரு வீட்டுக்கு அயலூரானை ஆற்றுப்படுத்தல் வேண்டும். கிழங்கு எவர் வளவில் விளைந்தது, எங்கே காய்ந்தது, எவர் இடித்தார் என்பன வரவேண்டும். 'சுவையானது' என்ற சொல் வரலாகாது. இரண்டு பெற்றோர் இப்போதே அதிபரிடம் முறையிட்டிருக்கின்றனர்.