உயரம் மட்டுமா மின்சாரம்?

‘பைக்காரா மாதிரி மலையிலிருந்து விழுந்தால்தான் நீர்மின்சாரம்; சமவெளி ஆற்றில் டர்பைன் வைப்பது வீண் செலவு’ என்கிறார் ஒரு கட்டுரையாளர். பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். மின்திறன் என்பது உயரத்தையும் நீரின் அளவையும் பெருக்கி வருவது. 5 மீட்டர் உயரமே இருந்தாலும், விநாடிக்கு 200 கனமீட்டர் ஓடினால் 9 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும்.

அதற்கென்றே உருவானது அச்சுவழி டர்பைன். தண்ணீர் தண்டுக்கு இணையாகவே பாய்கிறது. வழிகாட்டித் தகடுகள் அதற்குச் சுழற்சி தர, கப்பல் விசிறி போன்ற இறக்கைகள் அந்தச் சுழற்சியை வாங்கித் தண்டைச் சுற்றுகின்றன. ஆஸ்திரியப் பொறியாளர் விக்டர் கப்லான் அந்த இறக்கைகளையே ஓட்டத்துக்கேற்பத் திரும்ப வைத்தார். நீர்வரத்து குறைந்தாலும் டர்பைனின் பயனுறுதிறன் பெரிதாகச் சரிவதில்லை.

வெள்ளத்தில் டர்பைனுக்குக் கீழ்ப்புற நீர்மட்டம் ஏறி, உயரம் குறைந்து, உற்பத்தி படுக்கும் என்பது உண்மை. மீன்களுக்கு வரும் கேடும் உண்மை. அவற்றைப் பேசியிருக்கலாம்; ‘முடியாது’ என்று சொல்லியிருக்கக் கூடாது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை கதவணைகள் ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் நிலையம் இருக்கிறது.