காணி உறுதியும் கணக்கும்

திருகோணமலை உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1,630 ஹெக்டேயர். 'எத்தனை ஏக்கர்?' என்று பெரியவர் ஒருவர் வினவினால், மாணவன் 2.471 ஆற் பெருக்கி, '4,000 ஏக்கருக்குச் சற்று மேல்' என்று விடையிறுத்து விடுவான். கடலை அளப்பதில் வம்பு இல்லை. அதனைப் பங்கு கேட்பார் எவருமிலர். வீட்டுப் பெட்டியிலுள்ள காணி உறுதியை விரித்தாலன்றோ சிக்கல் தொடங்குகிறது!

தம்பலகாமத்து வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அப்பப்பாவின் காணியை அப்பாவும் அத்தையும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். உறுதியில் '2-1-20' என்றிருக்கிறது. பள்ளி மாணவனான பேரன் அதனைத் தசமமாக எண்ணி, '2.12 ஏக்கர், அத்தைக்கு 1.06 ஏக்கரை அளந்து கொடுத்தாற் போதும்' என்கிறான்.

"பொறு தம்பி! அது ஏக்கர், றூட், பேர்ச் என்ற வரிசை" என்கிறார் அப்பப்பா.

ஓர் ஏக்கருக்கு 4 றூட். ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். எனவே 320, 40, 20 ஆகியவற்றைக் கூட்ட 380 பேர்ச் வரும். அத்தையின் பங்கு 190 பேர்ச். பேரன் சொன்ன 1.06 ஏக்கரோ 170 பேர்ச்சுக்கும் குறைவு. ஒரு புள்ளியால் அத்தை இழக்கவிருந்தது 20 பேர்ச்! யாழ்ப்பாணத்தார் கணக்கில் 10 பேர்ச் ஒரு பரப்பு. அங்ஙனமாயின் இரண்டு பரப்புக் காணி கைநழுவியிருக்கும்.

ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிக் கோலின் சதுரம். 272¼ சதுர அடி, அதாவது 25.29 சதுர மீற்றர். ஆகவே 380 பேர்ச் ஏறத்தாழ 0.961 ஹெக்டேயர் ஆகும்.

இன்னும் பழைய உறுதிகளில் 'இத்தனை அவண விதைப்பாடு' என்றிருக்கும். அது கோலால் அளந்த அளவன்று. விதைக்கும் நெல்லின் அளவு. மண்ணுக்கும் விதைக்கும் முறைக்கும் ஏற்ப நிலத்தின் பரப்பு கூடும், குறையும். அதனை ஒரே எண்ணாற் பெருக்கி ஏக்கராக்குதல் பிழை. நான்கு எல்லைகளையும் நோக்கி, நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்தலே தக்கது.

மாணவர்களே, இன்று வீட்டு உறுதியைப் பெரியோரிடம் கேட்டு வாங்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். பெருக்குமுன், எழுதியவர் எந்தக் கோலால் அளந்தார் என்று கேளுங்கள். கணக்கு நேரானால் உறவும் நேராக நிற்கும்.