கரை யாருடையது?

தோழர்களே! நொச்சிக்குப்பத்து மீனவரை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்கிறார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் செல்லும் லூப் சாலையோரம் மீன்கூடை வைத்ததற்குக் கிடைத்த பட்டம் அது! சாலை நேற்று வந்தது. குப்பமோ அதற்குப் பல தலைமுறை மூத்தது. பின்னே வந்தது முன்னே இருந்ததை ‘வழியை விடு’ என அதட்டும் விந்தையை என்னென்பது!

மனித உரிமை என்றதும் சிறைச்சாலையும் தூக்குமேடையும் நம் நினைவுக்கு வருகின்றன; வலையும் துடுப்பும் வருவதில்லை. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள ஐஸ்லாந்தைப் பாருங்கள். ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்களே வாழும் தீவு. மக்களாட்சிக்குப் பெயர் பெற்ற நாடு. கடல்மீன் நாட்டினர் அனைவருக்கும் பொதுச்சொத்து என்று அங்கே சட்டமே கூறுகிறது. கூறி என்ன பயன்? 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித்த படகுகளுக்கே பங்கு ஒதுக்கினர். பின்னர் அந்தப் பங்கு வாங்கவும் விற்கவும் தக்க சரக்காயிற்று. பங்கில்லாத மீனவர் இருவர் துணிந்து வலை வீசினர், தண்டிக்கப்பட்டனர், ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். பொதுச்சொத்தைச் சிலருக்கே நிலையான உடைமையாக்கியது நியாயமற்ற பாகுபாடு என்று 2007இல் அக்குழு உரைத்தது.

இங்கே? பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. (குடிசைகளை அகற்றவும் அதே தீர்ப்பு இடமளித்தது, அது வேறு வேதனை!) ஆறு திங்கள்கூட ஆகவில்லை, அவ்வாண்டு டிசம்பரில், கடற்கரையை அழகுபடுத்தக் கட்டுமரங்களை அகற்றும் முயற்சியை எதிர்த்த மெரினா மீனவர்மீது துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின. அழகுக்குக் கொடுத்த விலை அது!

2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுக்க, லூப் சாலைக் கடைகளை மாநகராட்சி அகற்றியது. மீனவர் சாலையின் குறுக்கே படகுகளை நிறுத்தினர். 2024இல் 366 கடைகளுடன் அங்காடி திறக்கப்பட்டது. வெயிலில் கருகிய தாய்மாருக்குக் கூரை கிடைத்தது; மகிழ்வோம். ஆனால் கடையைக் கொடுத்துக் கரையைக் கேட்டால்?

மீன் உலர்த்தும் இடம் முதலிய மீனவர் பொதுவிடங்களை வரைபடத்தில் குறிக்கவும், அவர்தம் நாளைய வீட்டுத் தேவைக்குத் திட்டம் தீட்டவும் 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மாநில அரசுகளைப் பணித்தது. அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். குப்பத்துப் பெரியவர்களோடு அமர்ந்து, படகு ஏறுமிடம் எது, வலை காயுமிடம் எது என்று விரல்வைத்துப் பாருங்கள். விடுபட்டவற்றை எழுதி, ஊரார் கையொப்பத்துடன் ஆட்சியரிடம் சேர்ப்பியுங்கள்.