நம்பர் ரெடி... போனை எடுக்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது?

அமெரிக்காவில் மனநெருக்கடியில் தவிக்கும் ஒருவர் 988-ஐ அழைத்தால் போதும், உதவி கிடைக்கும். 2020-ல் இதற்கான சட்டம் வந்தது. 2022 ஜூலை 16 முதல் நாடு முழுக்க இந்த எண் செயல்படுகிறது. அதற்கு முன்பு இருந்தது நீளமான 1-800 எண். பதற்றத்தில் இருப்பவருக்கு அது ஞாபகம் வருமா?

சரி, நம்பரைச் சுருக்கியாச்சு. நள்ளிரவு 2 மணிக்கு அந்த போனை எடுக்க, பயிற்சி பெற்ற ஆள் வேண்டாமா? அவருக்குச் சம்பளம்?

அதற்கும் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 911 அவசர உதவிக்கு வசூலிப்பதைப் போல, ஒவ்வொரு போன் இணைப்பின் மாத பில்லிலும் மாநிலங்கள் சிறு கட்டணம் சேர்க்கலாம். 2021-ல் முதலில் முன்வந்தது வர்ஜீனியா: மாதம் 12 சென்ட். வாஷிங்டன் மாநிலம் 24 சென்டில் தொடங்கி, 2023-ல் 40 சென்டாக உயர்த்தியது. அதுவும் வருஷத்துக்கு 4.80 டாலர்தான். ஆனாலும் பெரும்பாலான மாநிலங்கள் இன்னும் இந்த வழிக்கு வரவில்லை. பட்ஜெட்டையும் மத்திய அரசின் மானியத்தையுமே நம்பியிருக்கின்றன.

சிக்கல் அங்கேதான். மானியம் இன்று வரும், நாளை நிற்கும். அடுத்த வருஷம் பணம் வருமா என்றே தெரியாத மையம், எந்த நம்பிக்கையில் ஆள் எடுக்கும்? உள்ளூர் மையம் எடுக்காத அழைப்பு வேறெங்கோ உள்ள மாற்று மையத்துக்குப் போகிறது. பேசுபவரின் ஊரில் எந்த மருத்துவமனைக்கு அனுப்பலாம், யாரை நேரில் அனுப்பலாம் என்பதெல்லாம் அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே கட்டணமா என்ற கேள்வி நியாயமானது. குறைந்த வருமானக்காரர்களுக்கு விலக்கு கொடுக்கலாமே. 911 கட்டணத்தைச் சில மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பிய கதையும் உண்டு. அதனால்தான் 988 பணத்தை 988-க்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது சட்டம். கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அது ஏட்டோடு நிற்காது.

வீடு பற்றி எரியும்போது தீயணைப்பு வண்டிக்கு யாரும் நன்கொடை வசூலிப்பதில்லை. செலவை முன்கூட்டியே ஊரே பகிர்ந்துகொள்கிறது. உயிரைக் காக்கும் அழைப்புக்கும் அதே நியாயம்தான். மற்ற மாநிலங்களும் தாமதிக்காமல் அந்தச் சில சென்ட்டை பில்லில் சேர்க்க வேண்டும்.

(இந்தியாவில் மனநல உதவிக்கு: டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.)